ஒரு நாள் உறுப்பினராக இருந்தாலும் ஆயுள் முழுக்க ஓய்வூதியம்: மனுவில் எதைக் கேட்பது?

பொருநைவாசன் (இழையைத் தொடங்கியவர்):

எங்கள் வட்டார ஓய்வூதியர் சங்கத்தின் சென்ற கூட்டத்தில், முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஓய்வூதியத்தை அடியோடு ரத்து செய்யக் கோரி நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்ப வேண்டும் என்று உறுப்பினர் ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். அரங்கில் இருந்த பெரும்பாலோர் கைதட்டி வரவேற்றார்கள். வரைவு எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. எழுத உட்காருவதற்கு முன்பு, 1954-ஆம் ஆண்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சம்பளம், படிகள், ஓய்வூதியச் சட்டத்தை முழுமையாகப் படித்தேன். படித்து முடித்தபோது, நாம் கேட்க நினைத்ததும் கேட்க வேண்டியதும் ஒன்றல்ல என்று தோன்றியது. அதனால்தான் இந்த இழை.

முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச் மாதம் வெளியான அறிவிக்கையின்படி உறுப்பினர்களின் மாதச் சம்பளம் 1,00,000 ரூபாயிலிருந்து 1,24,000 ரூபாயாகவும், முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியம் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ரூபாயாகவும் உயர்ந்தன. இந்த உயர்வு 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு அமலாகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பதவியில் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் மாதம் 2,500 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். பதினைந்து ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவருக்கு மாதம் 56,000 ரூபாய் வரும். இதற்காக அவர் பதவிக் காலத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் கொடுக்க வேண்டியதில்லை. ஓய்வூதியம் 1976-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டபோது ஐந்து ஆண்டுப் பணி தேவை என்ற நிபந்தனை இருந்தது. பின்னாளில் அதுவும் நீக்கப்பட்டது. இன்று எவ்வளவு குறுகிய காலம் உறுப்பினராக இருந்தாலும் 31,000 ரூபாய் உறுதி. ரயில் பயணச் சலுகை, மருத்துவ வசதி, வாழ்க்கைத் துணைக்குப் பாதி ஓய்வூதியம் ஆகியவை தனி.

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, மாதந்தோறும் ஊதியத்தில் பத்து விழுக்காட்டைக் கொடுத்துவந்தார்கள் என்பதை நினைத்தால், எங்கள் சங்கத்தாரின் கோபம் நியாயமானதே. ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்தச் சட்டத்தின் 8ஏ பிரிவில் உள்ள ஓர் உட்பிரிவு. ஓய்வூதியம் பெறும் முன்னாள் உறுப்பினர் ஆளுநராகவோ சட்டமன்ற உறுப்பினராகவோ ஆனால், அல்லது மத்திய, மாநில அரசுகளிடமோ, அரசுக்குச் சொந்தமான கழகத்திடமோ, உள்ளாட்சி அமைப்பிடமோ ஊதியம் பெற்றால், அந்தக் காலத்துக்கு ஓய்வூதியம் நிறுத்தப்படும். தனியார் நிறுவனத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஒருவர் தம் ஊர் நகராட்சியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தால் ஓய்வூதியம் நின்றுவிடும். அவரே ஒரு பெரிய தனியார் நிறுவனத்தின் இயக்குநராகிப் பல மடங்கு வாங்கினால் ஓய்வூதியம் தொடரும்.

ரத்து கோருவதா, நிபந்தனை கோருவதா? உங்கள் கருத்துகளைக் காரணத்தோடு எழுதுங்கள்.

நூற்பாலைத் தெரு:

ஐயா, ரத்து என்றே எழுதுங்கள். நான் கோவைக்காரி. என் தாயார் பஞ்சாலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், இ.பி.எஃப். என்னும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியம் வாங்குகிறார். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அது 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ போராட்டங்கள் நடந்தும் உயரவில்லை. அந்த ஓய்வூதியத்துக்கே குறைந்தது பத்து ஆண்டுகள் பணி வேண்டும். ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது, போட்ட பணத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் உயிர்வாழ் சான்று கொடுக்க அவரை நான்தான் அழைத்துச் செல்கிறேன். வாழ்நாள் முழுக்க நூல் ஓடிய விரல்கள் என்பதால் ரேகை தேய்ந்துவிட்டது. பொதுச் சேவை மையத்தில் அந்தச் சிறிய கருவியின் மேல் கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைப்பார். சிவப்பு விளக்குதான் எரியும். ஈரத்துணியால் விரலைத் துடைத்து, எண்ணெய் தடவி, மீண்டும் அழுத்தி, ஏதோ ஒரு விரலில் பச்சை விளக்கு வரும்வரை அவர் முகத்தில் தெரியும் அச்சத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்காக அந்த அச்சம். பத்து ஆண்டு உழைத்தவருக்கு ஆயிரம், பத்து நாள் அமர்ந்தவருக்கு முப்பத்தோராயிரம் என்றால், இதில் நிபந்தனை பற்றிப் பேச என்ன இருக்கிறது?

வைகைக்கரை:

சகோதரி, உங்கள் தாயாருக்கு இழைக்கப்படுவது அநீதி என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அவருடைய ஆயிரத்தை உயர்த்தக் கோருவதும் இன்னொருவரின் ஓய்வூதியத்தை ஒழிக்கக் கோருவதும் தனித்தனியான கோரிக்கைகள். முன்னது நிறைவேறப் பின்னது உதவாது.

எங்கள் மதுரைப் பக்கத்தில் இந்தப் பேச்சு வந்தால் பெரியவர்கள் கக்கனைத்தான் சொல்வார்கள். காமராஜர், பக்தவத்சலம் அமைச்சரவைகளில் பொதுப்பணி, உள்துறை உள்ளிட்ட துறைகளை வகித்தவர். அதற்கு முன்பு முதல் மக்களவையில் உறுப்பினர். 1967 தேர்தலில் தோற்றபின் சொந்தமென்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஏதுமின்றி வாழ்ந்து, நோயுற்று, மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப் பிரிவில் கிடந்தார். வேறொருவரைப் பார்க்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தற்செயலாகக் கேள்விப்பட்டு அவரைப் பார்க்கச் சென்ற பிறகே அரசின் உதவி கிடைத்தது. அணைகள் கட்டிய துறையின் அமைச்சருக்கு முதுமையில் மருந்து கிடைப்பது முதலமைச்சர் ஒருவரின் தற்செயலான வருகையைப் பொறுத்திருந்தது என்றால், அந்த ஏற்பாட்டை நாம் மேன்மையானதாகக் கொண்டாட முடியாது. நேர்மையானவர் தோற்றபின் யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ வேண்டும் என்பதற்காகத்தான் ஓய்வூதியம். அதை ஒழித்தால் பணக்காரர்கள் பாதிக்கப்பட மாட்டார்கள். அடுத்த கக்கன் பாதிக்கப்படுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஓட்டு வீட்டில்தான் இருக்கிறார். பதவி போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் காலை ஏழு மணிக்கெல்லாம் திண்ணையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரிச் சேர்க்கைக்குப் பரிந்துரைக் கடிதம், முதியோர் உதவித்தொகை மனு, பட்டா மாறுதல் என்று ஆளுக்கொரு தேவை. வந்தவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுப்பதும், தாலுகா அலுவலகத்துக்குத் தம் செலவில் ஆட்டோ பிடித்துப் போவதும் அவர்தான்.

நூற்பாலைத் தெரு:

அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2024-இல் மக்களவைக்கு வென்ற 543 பேரில் 504 பேர் கோடீசுவரர்கள் என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், அவர்களே தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரங்களை ஆராய்ந்து சொன்னது. நூற்றுக்கு 93 பேர். ஏழை உறுப்பினருக்காக ஏற்படுத்திய ஏற்பாட்டின் பலன் யாருக்குப் போகிறது என்பதற்கு வேறு கணக்கு தேவையில்லை. வறுமையில் வாடும் முன்னாள் உறுப்பினர் விண்ணப்பித்தால் கொடுக்கட்டும். முதியோர் உதவித்தொகைக்கு நம் பாட்டிமார்கள் வருமானச் சான்று கொடுக்கவில்லையா?

தேம்ஸ் தமிழன்:

நான் பிரிட்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கிறேன். உள்ளாட்சி மன்றம் ஒன்றின் நிதிப் பிரிவில் பணி. பொருநைவாசன் ஐயா சுட்டிய தனியார் நிறுவன ஓட்டை இங்கே அரை நூற்றாண்டாக விவாதிக்கப்படும் பொருள் என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை இங்குள்ள முறை உங்களுடையதைவிட ஒழுங்கானது. நாடாளுமன்ற உறுப்பினர் தம் சம்பளத்தில் 11 விழுக்காட்டுக்கும் மேல் மாதந்தோறும் கட்டுகிறார். எத்தனை ஆண்டு பணியாற்றினாரோ அந்த அளவுக்கே ஓய்வூதியம். ஆனால் அமைச்சர்களுக்குப் பதவி இழப்புத் தொகை என்று ஒன்று உண்டு. பதவி விலகும்போது ஆண்டுச் சம்பளத்தின் கால் பங்கு ஒரே தவணையில் வரும். 2022-இல் அமைச்சரவைகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தபோது, சில வாரங்களே பதவியில் இருந்தவர்களுக்கும் 16,876 பவுண்டு பெறும் உரிமை ஏற்பட்டது. மிஷேல் டோனலன் கல்வி அமைச்சராக இரண்டு நாள்கூட முழுமையாக இருக்கவில்லை. தொகை வேண்டாம் என்று அவரே சொல்ல நேர்ந்தது. லிஸ் டிரஸ் 49 நாள் பிரதமராக இருந்தார். முன்னாள் பிரதமர் என்ற முறையில் அலுவலகச் செலவுக்காக ஆண்டுக்கு 1,15,000 பவுண்டு வரை ஈடு கோரும் தகுதி அவருக்கும் உண்டு. உங்கள் ஒரு நாள் உறுப்பினர் சிக்கலின் இன்னொரு வடிவம் இது.

ஆயினும் இந்தத் தொகைகளெல்லாம் பதவிக்குப் பின் வரும் வேலைகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. ஜார்ஜ் ஆஸ்போர்ன் ஆறு ஆண்டுகள் நிதியமைச்சராக இருந்து, 2016 ஜூலையில் நீக்கப்பட்டார். அடுத்த ஆண்டே பிளாக்ராக் என்னும் முதலீட்டு நிறுவனத்தின் ஆலோசகரானார். வாரத்துக்கு ஒரு நாள் வேலை, ஆண்டுக்கு 6,50,000 பவுண்டு. ஓய்வூதியச் சேமிப்பை மக்கள் தம் விருப்பம்போல் எடுத்து முதலீடு செய்யலாம் என்ற சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தவர் அவர். ஓய்வூதியச் சேமிப்பை முதலீடு செய்து கட்டணம் பெறும் நிறுவனம் அது. சட்டப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை. முன்னாள் அமைச்சர்கள் ஏற்கும் வேலைகளைப் பரிசீலிக்கும் குழுவும் ஒப்புதல் கொடுத்தது. அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தொடர்ந்தார். அதோடு ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் நாளிதழின் ஆசிரியர் பொறுப்பையும், குழுவின் கருத்து வருவதற்கு முன்பே, ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார்.

அந்தக் குழு 1975-இல் ஏற்படுத்தப்பட்டது. பதவி விலகிய அமைச்சர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் எந்த வேலையை ஏற்றாலும் முன்கூட்டியே அதனிடம் கருத்துக் கேட்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளும் அரசிடம் யாருக்காகவும் பரிந்து பேசக் கூடாது. விதி நன்றாகத்தான் இருந்தது. மீறினால் என்ன செய்வது என்பதுதான் அதில் இல்லை. முன்னாள் பிரதமர் போரிஸ் ஜான்சன் 2023-இல் டெய்லி மெயில் இதழில் பத்தி எழுத ஒப்பந்தம் செய்துகொண்டு, அறிவிப்பு வெளியாவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பு குழுவுக்குத் தகவல் அனுப்பினார். விதிமீறல் தெளிவானது என்று குழு கடிதம் எழுதியது. கடிதம் எழுதுவதைத் தவிர அதற்கு வேறு அதிகாரம் இல்லை.

டேவிட் கேமரனின் விவகாரம் இன்னும் பாடமானது. 2016 ஜூலையில் பிரதமர் பதவியை விட்டவர், இரண்டு ஆண்டுக் காலம் முடிந்தபின், 2018 ஆகஸ்டில் கிரீன்சில் கேப்பிட்டல் என்ற நிதி நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்தார். 2020-இல் பெருந்தொற்றுக் காலக் கடனுதவித் திட்டத்தில் அந்த நிறுவனத்தைச் சேர்க்கச் சொல்லி நிதியமைச்சருக்கும் உயர் அதிகாரிகளுக்கும் கைபேசியில் குறுஞ்செய்திகளாக அனுப்பிக்கொண்டே இருந்தார். நிதித்துறை இறுதியில் மறுத்துவிட்டது. நிறுவனம் 2021 மார்ச்சில் திவாலானது. நாடாளுமன்ற நிதிக் குழு விசாரித்து, அவர் நிதானமின்றி நடந்துகொண்டார் என்று கண்டித்தது. விதி எதையும் மீறவில்லை என்றும் சொன்னது. பரிந்து பேசுவோர் பதிவேட்டுச் சட்டம் அவருடைய ஆட்சியில், 2014-இல் வந்ததுதான். நிறுவனத்தின் ஊழியராக இருந்து பேசுபவர் பதிவு செய்யத் தேவையில்லை என்று அதில் இருந்ததால் அவருக்கு அதுவும் பொருந்தவில்லை.

2025 அக்டோபர் 13-இல் அந்தக் குழு கலைக்கப்பட்டு, அமைச்சர்கள் தொடர்பான பணி சுயேச்சையான நெறிமுறை ஆலோசகரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குக் குறைவாகப் பதவியில் இருந்தவருக்கு இனி இழப்புத் தொகை இல்லை. நெறிமுறையைக் கடுமையாக மீறி விலகியவருக்கும் இல்லை. பதவிக்குப் பிந்தைய வேலை விதியை மீறினால் வாங்கிய தொகையைத் திருப்பித் தருமாறு கேட்கலாம். ஐயா, இந்தக் கடைசி ஏற்பாட்டை உங்கள் மனுவுக்காகக் கவனியுங்கள். பொதுப்பணத்திலிருந்து வரும் பலனை, பதவிக்குப் பிந்தைய நடத்தையோடு முதன்முறையாகக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

எழும்பூர் வழக்குரைஞர்:

மனுவுக்குப் பயன்படும் சட்ட நிலவரத்தைச் சொல்கிறேன். ரத்து கோரிக்கை ஏற்கெனவே உச்ச நீதிமன்றம் வரை சென்று தோற்றது. அரசமைப்புச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு சம்பளம், படிகள் ஆகியவற்றை மட்டுமே சொல்கிறது, ஓய்வூதியத்தைச் சொல்லவில்லை, ஆகவே அது செல்லாது என்று லோக் பிரஹரி என்ற அமைப்பு வாதிட்டது. 2018 ஏப்ரல் 16-இல் நீதிபதிகள் செலமேஸ்வர், சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு அதை ஏற்கவில்லை. ஓய்வூதியம் வழங்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு, அது கொள்கை முடிவு என்றது. ஆகவே நீதிமன்றக் கதவு மூடியாகிவிட்டது. நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தினால்தான் உண்டு.

சட்டமன்றங்கள் திருத்திய முன்னுதாரணம் இருக்கிறது. பஞ்சாபில் 2022 வரை ஒவ்வொரு முறை வெற்றிக்கும் ஓய்வூதியம் கூடிக்கொண்டே போனது. அந்த ஆண்டு, எத்தனை முறை வென்றாலும் ஒருவருக்கு ஒரே ஓய்வூதியம், அடிப்படை மாதம் 60,000 ரூபாய் என்று சட்டம் திருத்தப்பட்டது. முதலில் அவசரச் சட்டமாக அனுப்பியதை ஆளுநர் திருப்பி அனுப்பிய பிறகு, சட்டமன்றத்தில் மசோதாவாகவே நிறைவேற்றினார்கள். குஜராத்தில் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஓய்வூதியமே இல்லை. மறுபுறம் தமிழ்நாட்டில் 2025-இல் அது 30,000 ரூபாயிலிருந்து 35,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது.

8ஏ பிரிவின் அடுத்த உட்பிரிவையும் பொருநைவாசன் ஐயா மனுவில் சேர்க்க வேண்டும். வேறு ஓய்வூதியம் பெறுபவருக்கு அதற்கு மேலாகவே இந்த ஓய்வூதியமும் வழங்கப்படும் என்று அது சொல்கிறது. சட்டமன்றத்தில் ஒன்று, மக்களவையில் ஒன்று, வகித்த வேறு பதவிக்கு ஒன்று என மூன்றும் ஒருவருக்கே சேரலாம். ஜகதீப் தன்கர் 2025 ஜூலையில் குடியரசுத் துணைத் தலைவர் பதவியிலிருந்து விலகியபின், இடையில் நின்றிருந்த ராஜஸ்தான் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஓய்வூதியத்தை மீண்டும் வழங்குமாறு விண்ணப்பித்தார். 2019-இல் ஆளுநராகப் பொறுப்பேற்றபோது நின்றது அது. அவர் கேட்டது சட்டப்படி அவருக்கு உரியதைத்தான். குறை சட்டத்தில் இருக்கிறது.

பதவிக்குப் பிந்தைய வேலையைப் பொறுத்தவரை, ஐ.ஏ.எஸ். அதிகாரி ஓய்வு பெற்று ஓராண்டுக்குள் தனியார் வணிக நிறுவனத்தில் சேர அரசின் அனுமதி வாங்க வேண்டும். அவருக்கு மேலே அமர்ந்து கோப்பில் கையெழுத்திட்ட அமைச்சருக்கு அப்படி எந்தக் காத்திருப்பும் இல்லை. அமைச்சர்களுக்கான நடத்தை நெறி, பதவியேற்கும் முன் வணிக நிர்வாகத்திலிருந்து விலகச் சொல்கிறது. பதவி முடிந்த மறுநாளைப் பற்றி மௌனம்.

நல்லூர்ப் பிள்ளை:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டில் 1986-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டம் முன்னாள் ஜனாதிபதிகளுக்கு உத்தியோகபூர்வ இல்லம், வாகனம், செயலாளருக்கான கொடுப்பனவு முதலிய உரித்துகளை வழங்கிவந்தது. மறைந்த ஜனாதிபதியின் துணைவியாருக்கும் அவை உண்டு. 2025 செப்டம்பர் 10 ஆம் திகதி அதனை நீக்கும் சட்டமூலம் 151 வாக்குகள் ஆதரவாகவும் ஒரு வாக்கு எதிராகவும் நிறைவேறியது. மறுநாளே மகிந்த ராஜபக்ச கொழும்பு விஜேராம இல்லத்தை விட்டுத் தங்காலைக்குப் போனார். அன்று தொலைக்காட்சிகள் முழுதும் அந்த வாசலில்தான் நின்றன.

நீக்கியது சரியென்றே நான் கருதுகிறேன். பொருளாதாரம் வீழ்ந்து, மருந்துக்கும் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற நாட்டில் அந்த மாளிகைகளுக்கு நியாயம் கற்பிக்க இயலாது. ஆனால் அரசியலமைப்பின் கீழ் வரும் ஓய்வூதியம் தொடர்கிறது என்பதும், பதவியிலிருந்து விலகியவர் பின்னர் எவரிடம் எவ்வளவு பெறுகிறார் என்ற கேள்வி அந்த விவாதத்தில் எழவேயில்லை என்பதும் எனக்குக் குறையாகவே தெரிகின்றன. வீடு கண்ணுக்குத் தெரிவதால் அதனைப் பறிப்பது இலகு. உங்கள் மனு ரத்தோடு நின்றுவிட்டால் உங்களுக்கும் அதுவே நேரும் என்று அஞ்சுகிறேன்.

வைகைக்கரை:

தேம்ஸ் தமிழன் அவர்களின் பதிவு அருமை. ஆனால் அந்த முறையை அப்படியே இங்கே நட்டால் பலிக்காது. லண்டனில் முன்னாள் அமைச்சர் நிறுவனத்துக்கு வேலைக்குப் போகிறார், சம்பளம் வாங்குகிறார், ஏதோ ஒரு பதிவேட்டில் அது தெரிகிறது. நம் மாநிலத்தில் அரசியல்வாதி யாரிடமும் வேலைக்குப் போவதில்லை. பொறியியல் கல்லூரியோ மருத்துவமனையோ அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். அறங்காவலர்கள் மனைவியும் மகனும் மருமகளும். பதவியில் இருக்கும்போதே எல்லாம் கட்டி முடிந்துவிடும். அவரிடம் போய் இரண்டு ஆண்டு காத்திருங்கள் என்றால், அவர் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? ஊதியம் என்ற சொல்லைச் சட்டத்தில் விரித்தாலும் அவர் அதற்குள் வரமாட்டார். மாட்டிக்கொள்பவர், வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஒரு சிறிய நிறுவனத்தில் ஆலோசகராகப் போகும் நேர்மையானவராகத்தான் இருப்பார்.

எழும்பூர் வழக்குரைஞர்:

வைகைக்கரை ஐயாவின் ஆட்சேபம் வலுவானது. அதற்கும் ஒரு பிடி இருக்கிறது. அதே லோக் பிரஹரி தொடுத்த இன்னொரு வழக்கில் 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம், வேட்பாளர் தம் சொத்தை மட்டுமன்றித் தமக்கும் துணைவருக்கும் சார்ந்திருப்போருக்கும் வருமானம் வரும் வழியையும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்றது. பதவியில் இருப்போரின் சொத்து அளவுக்கு மீறி வளர்கிறதா என்று கண்காணிக்க நிலையான அமைப்பு வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் இந்தப் பத்திரம் வேட்பாளராக நின்றால்தான். மீண்டும் போட்டியிடாதவர் எதையும் சொல்ல வேண்டியதில்லை. சரியாக அந்தக் காலத்தில்தான் பலன்கள் கைக்கு வருகின்றன.

ஆகவே, ஓய்வூதியம் பெறும் ஒவ்வொரு முன்னாள் உறுப்பினரும் பதவி முடிந்து ஐந்து ஆண்டுகள் வரையிலாவது, தமக்கும் துணைவருக்கும் உள்ள வருமான வழிகள், வகிக்கும் இயக்குநர், அறங்காவலர் பொறுப்புகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், வெளியிடாவிட்டால் ஓய்வூதியம் நிற்கும் என்று கேளுங்கள். நூற்பாலைத் தெரு அவர்களின் தாயார் ஆண்டுதோறும் விரல் ரேகை வைத்து உயிரோடு இருப்பதை மெய்ப்பிக்கிறார். முன்னாள் உறுப்பினர் ஆண்டுக்கு ஒரு படிவம் நிரப்புவது பெரிய சுமையன்று. மகன், மருமகள் பெயரில் உள்ளவை இதிலும் தப்பும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நூற்பாலைத் தெரு:

கொடுத்த சலுகையை நடத்தையைக் காரணம் காட்டி நிறுத்திய நாடு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் இதுவும் கடிதம் எழுதும் குழுவாகவே முடியும்.

தேம்ஸ் தமிழன்:

பாதி அளவுக்கு ஜெர்மனி. கெர்ஹார்ட் ஷ்ரோடர் 2005-இல் சான்சலர் பதவியை விட்ட சில வாரங்களிலேயே, தாம் பதவியில் இருந்தபோது ஆதரித்த நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்த் திட்ட நிறுவனத்தில் பொறுப்பேற்க ஒப்புக்கொண்டார். 2017-இல் ரஷ்ய அரசு எண்ணெய் நிறுவனமான ரோஸ்நெஃப்டின் இயக்குநர் குழுத் தலைவரானார். உக்ரைன் போர் தொடங்கியபின், 2022 மே மாதம் நாடாளுமன்றத்தின் நிதிநிலைக் குழு அவருக்கு அளித்துவந்த அலுவலகத்தையும் பணியாளர்களையும் நிறுத்தியது. அவர் வழக்குத் தொடுத்துக் கீழ் நீதிமன்றத்திலும் 2024-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். ஓய்வூதியத்தில் யாரும் கை வைக்கவில்லை. அவருக்குப் பின் வருபவர்களுக்காக 2015-இல் சட்டம் இயற்றினார்கள்; பதவி விட்ட அமைச்சர் பொதுநலனுக்கு முரணான வேலையை ஏற்பதாக இருந்தால் பதினெட்டு மாதம் வரை தடுத்து வைக்கலாம்.

பொருநைவாசன்:

அனைவருக்கும் நன்றி. ரத்து என்ற சொல்லை மனுவிலிருந்து எடுத்துவிட்டேன். சங்கத்தில் எதிர்ப்பு வரும். கக்கனைப் பற்றி வைகைக்கரை எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன். நூற்பாலைத் தெரு அம்மாவின் கோபத்தையும் விட்டுவிடவில்லை. இ.பி.எஃப். குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்தக் கோரி, இதனோடு கலக்காமல், தனி மனுவாகவே அனுப்புகிறோம். அதற்கு உங்கள் தாயாரின் ஒப்பம் வேண்டும்.

இந்த மனுவின் மையம் 8ஏ பிரிவுதான். அரசிடம் ஊதியம் பெற்றால் ஓய்வூதியம் நிற்கும் என்று நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்ட கோட்பாட்டைத் தனியாருக்கும் நீட்டுங்கள் என்று கேட்கிறோம். ஆனால் வைகைக்கரை சொன்ன சிறிய வருமானக்காரர் பாதிக்கப்படாமலிருக்க, வருமானம் உறுப்பினரின் அன்றைய சம்பளத்தைத் தாண்டும்போது மட்டும் என்று வரம்பு வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டு நிபந்தனையை மீண்டும் கொண்டுவருவதும், சம்பளத்தில் பத்து விழுக்காடு பிடித்தம் செய்வதும், ஒருவருக்கு ஒரே ஓய்வூதியம் என்பதும் அடுத்து வருகின்றன. ஆண்டு வெளியீட்டுப் படிவத்தை வழக்குரைஞர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அமைச்சர்களுக்கு மட்டும், தாம் வகித்த துறையோடு தொடர்புடைய நிறுவனத்தில் சேர இரண்டு ஆண்டு இடைவெளி. மீறினால் ஓய்வூதியம் நிரந்தரமாக நிற்கும். அதிகாரிக்கு ஓராண்டு என்றால் அமைச்சருக்கு இரண்டு என்பது மிகையன்று.

அறக்கட்டளை விஷயத்தில் எனக்கு இன்னும் நிறைவில்லை. மகன், மருமகள் பெயரில் உள்ளதை எந்தச் சொற்களால் பிடிப்பது என்று தெரிந்தவர்கள் எழுதினால் சேர்த்துக்கொள்வேன்.

எழும்பூர் வழக்குரைஞர்:

ஒரு நடைமுறைச் செய்தி. உறுப்பினர் ஒருவர் வழியாக அவையில் மனு தாக்கலாக வேண்டுமானால் அவர் அதில் மேலொப்பமிட வேண்டும். தம் சொந்த ஓய்வூதியத்துக்கு வரம்பு கோரும் தாளில் ஒப்பமிட உங்கள் தொகுதி உறுப்பினர் தயாரா என்று முதலில் நேரில் போய்க் கேளுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி இங்கே பதியுங்கள். நானும் என் தொகுதி உறுப்பினரிடம் இந்த வாரமே வரைவைக் கொடுக்கிறேன். மற்றவர்களும் அவரவர் தொகுதியில் கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை இந்த இழையிலேயே எழுதுங்கள்.